நிச்சயமற்ற தன்மை கோட்பாடு: மனப்பாடம் வேணாம், நம்பரை போட்டுப் பாருங்க

1927ல இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்னது இதுதான்: ஒரு துகளோட இடம், உந்தம் (நிறை × வேகம்) ரெண்டையும் ஒரே நேரத்துல துல்லியமா சொல்ல முடியாது. நிறைய பேர் இதை கருவியோட குறைன்னு நினைச்சுக்கறாங்க, நல்ல மைக்ராஸ்கோப் வந்தா சரியாயிடும்னு. ஆகாது.

ஸ்டெப் 1: காரணத்தை முதல்ல பிடிங்க

எலக்ட்ரானுக்கு அலை குணம் இருக்கு, டி பிராக்லி சொன்னபடி அலைநீளம் தெரிஞ்சா உந்தம் தெரிஞ்ச மாதிரி. ஆனா ஒரே ஒரு அலைநீளம் மட்டும் உள்ள அலை எங்க பார்த்தாலும் பரவிக் கிடக்கும், "இங்க இருக்கு"ன்னு காட்டவே முடியாது. அதை ஒரு சின்ன இடத்துக்குள்ள சுருக்கணும்னா பல அலைநீளங்களை சேர்க்கணும், சேர்த்தா உந்தமும் பலதாயிடும். அவ்ளோதான், மீதி எல்லாம் கணக்கு.

ஸ்டெப் 2: ஃபார்முலா

டெல்டா எக்ஸ் × டெல்டா பி ≥ ஹெச் / 4π

எக்ஸ் இடம், பி உந்தம், டெல்டான்னா அதுல இருக்கற நிச்சயமின்மை. ஹெச் பிளாங்க் மாறிலி, 6.626 × 10⁻³⁴ ஜூல் செகண்ட். வலது பக்கம் 5.27 × 10⁻³⁵ வரும். அந்த ≥ குறியை விட்டுடாதீங்க, கிடைக்கற விடை குறைந்தபட்ச அளவு தான்.

ஸ்டெப் 3: எலக்ட்ரானுக்கு போடுங்க

அணு சைஸ் சுமாரா 10⁻¹⁰ மீட்டர், எலக்ட்ரான் அதுக்குள்ள எங்கயோ இருக்குன்னு வெச்சா உந்தத்துல 5.27 × 10⁻²⁵ நிச்சயமின்மை, நிறை 9.11 × 10⁻³¹ கிலோவால வகுத்தா வேகத்துல செகண்டுக்கு 5.8 × 10⁵ மீட்டர். அதாவது 580 கிலோமீட்டர்! எலக்ட்ரான் வட்டப் பாதையில (ஆர்பிட்) சுத்துதுன்னு சொன்ன நீல்ஸ் போரோட மாடல்படி ஹைட்ரஜனோட முதல் ஆர்பிட்ல வேகமே 2.19 × 10⁶ தான், அதுல கால்வாசிக்கு மேல. ஆர்பிட்னா ஆரம், வேகம் ரெண்டும் கரெக்டா தெரியணுமே, அதனால அந்தப் பாதையை விட்டுட்டு நிகழ்தகவு பேசற ஆர்பிட்டாலுக்கு வந்தாங்க.

1 கிராம் கோலிகுண்டுக்கு, இடம் 10⁻⁶ மீட்டர் துல்லியத்துல தெரியும்னு போட்டா வேகத்துல 5.3 × 10⁻²⁶ தான். யாருக்கும் தெரியப் போறதில்ல.

ஸ்டெப் 4: பரீட்சை கணக்கு

"எலக்ட்ரான் வேகம் 4 × 10⁵, அதுல 0.1% நிச்சயமின்மை, இடத்துல எவ்ளோ?" முழு வேகத்தையும் ஃபார்முலால போட்டா போச்சு. 0.1%னா 400. எலக்ட்ரானுக்கு ஹெச்சை 4π, நிறை ரெண்டாலயும் வகுத்தா எப்பவும் 5.79 × 10⁻⁵ தான், அதை 400ஆல வகுங்க, 1.45 × 10⁻⁷ மீட்டர். நிறையை கிராம்ல குடுத்திருந்தா மட்டும் முதல்ல கிலோவுக்கு மாத்திடுங்க.