ட்ரங்குப் பெட்டியில் கிடந்த விமானங்கள்: பழைய பறப்பு ஆவணங்களைப் பாதுகாத்துப் பட்டியலிடும் முறை

அம்மாவைப் பெற்ற தாத்தா 1930களில் பரங்கிமலை விமானத் தளத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டி போன வருடம் என்னிடம் வந்தது. காக்கிக் கவர்களில் போட்டோக்கள், ஒரு லாக் புக் (பறப்புகளைக் குறித்து வைக்கும் நோட்டு), சில ப்ளூபிரிண்டுகள் (நீலத் தாளில் வெள்ளைக் கோடாக இருக்கும் வரைபடங்கள்), ஆறு கண்ணாடி நெகட்டிவ்கள், விமானத் தபால் உறைகள். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த எட்டு மாதம் ஆனது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்தக் குறிப்பு உதவும்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். இவர்களைப் பற்றிப் படிக்க நிறைய கிடைக்கும். அந்த மாதிரி விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றி, இறக்கைத் துணியைத் தைத்தவர்களின் தாள்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. அவற்றை நாம் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

முதலில்: எதையும் பிரிக்காதீர்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டி வந்த அன்றே ஆர்வத்தில் எல்லாக் கவர்களையும் மேசையில் கொட்டினேன். மனிதர்கள் ஒரு பக்கம், விமானங்கள் ஒரு பக்கம், கட்டடங்கள் ஒரு பக்கம் என்று அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலிக் கவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, பின்புறம் தாத்தாவின் கையெழுத்தில் பென்சிலில், "மழைக்கு அடுத்த நாள். சக்கரம் புதைந்தது. இடது ஓரம் நிற்பவர் பெல்லாரிக்காரர்" என்று இருந்தது. எந்தப் போட்டோ அந்தக் கவரில் இருந்தது? ஓரத்தில் ஆள் நிற்கும் படங்கள் மட்டும் பதினொன்று. அவர்களில் பெல்லாரிக்காரர் யார் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

எந்தத் தாள் எந்தக் கவரில், எதற்கு அடுத்து இருந்தது என்பதும் ஒரு தகவல். காப்பகத்தில் வேலை செய்பவர்கள் இதை மூல வரிசை என்பார்கள். அதனால் பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். ஒரு கவரை எடுத்ததும் அதன் முன்புறம், பின்புறம், உள்ளே அடுக்கியிருக்கும் விதம் மூன்றையும் போனில் படம் பிடியுங்கள். கவருக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கு 1-1, 1-2 என்று கொடுங்கள். அதற்கு அப்புறம்தான் அடுத்த கவர். காலிக் கவரையும் தூக்கிப் போடாதீர்கள்.

ரைட் சகோதரர்கள் 1902 முதல் 1905 வரை தாங்கள் எடுத்த படங்களுக்கு ஒரு நோட்டில் நேரம், இடம், லென்ஸ் திறப்பு, எந்த வகைக் கண்ணாடித் தகடு, என்ன காட்சி என்று எழுதி வைத்தார்கள். இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும் அவர்களுடைய 303 நெகட்டிவ்களுக்கு மதிப்பு கூடியதில் அந்த நோட்டுக்கும் பங்கு உண்டு. தாத்தாவின் பென்சில் குறிப்பும் அதே வேலையைச் செய்ய வேண்டியது.

சுத்தம், உறை, பெட்டி

மென்மையான பிரஷ் போதும். தண்ணீர், ஈரத்துணி வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி, கிளிப்புகளைப் பொறுமையாக எடுத்துவிடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷனும் கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. தாள்களைக் கையாளக் கழுவி உலர்த்திய வெறும் கையே நல்லது. போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

உறைக்கு அமிலமற்ற காகிதம் வாங்குங்கள். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் பாலியெஸ்டர் உறை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை வேண்டாம். ப்ளூபிரிண்ட் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. அமிலமற்ற காகிதம் என்று விற்பவற்றில் பலவற்றில் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். சாதாரணத் தாளுக்கு அது நல்லதுதான், ஆனால் ப்ளூபிரிண்டின் நீலத்தை அந்தக் காரம் வெளுக்க வைக்கும். இந்தச் சேர்ப்பைத்தான் பஃபர் என்பார்கள், அதனால் 'பஃபர் சேர்க்காதது' என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சமும் அதற்கு ஆகாது.

கண்ணாடி நெகட்டிவ்களைப் படுக்கை வசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும். தனித்தனி மடிப்பு உறையில் போட்டு, நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். எண்ணை முதலில் உறைமேல் எழுதிவிட்டு அப்புறம் நெகட்டிவை உள்ளே வையுங்கள். 1913 மார்ச்சில் ரைட் சகோதரர்களின் ஊரான அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் வெள்ளம் வந்தபோது அவர்களுடைய கண்ணாடித் தகடுகள் தண்ணீரில் கிடந்தன. 1903 டிசம்பர் 17இன் முதல் பறத்தலைக் காட்டும் தகடும் அதில் ஒன்று. ஒரு மூலை சேதமானாலும் விமானம் தெரியும் பகுதி தப்பித்தது. அதைப் படித்த அன்றே பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து இரண்டாவது தட்டில் வைத்தேன். சென்னையில் டிசம்பர் மழை பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கேன்

போன் செயலிகள் எனக்குப் பிடிக்காது. தானாக ஓரத்தை வெட்டும், கூர்மையாக்கும், பின்பக்கத்தை எடுக்க நமக்கும் தோன்றாது. ஃபிளாட்பெட் ஸ்கேனர்தான் என் தேர்வு. நெகட்டிவ் இருந்தால், மூடியில் விளக்குள்ள மாடலாகப் பாருங்கள். போட்டோவுக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), உள்ளங்கை அளவு சிறியதென்றால் 1200. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து அதை அப்படியே வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாக ஒரு ஜேபெக் செய்துகொள்ளலாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், வெறுமையாக இருந்தாலும் சரி. கோப்பின் பெயர் கவர் எண்ணாகவே இருக்கட்டும்: 07-03-முன், 07-03-பின். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பட்டியல்

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருள் போதும். எண், வகை, தேதி, இடம், ஆட்கள், விமானத்தின் பதிவெழுத்து, அசல் குறிப்பு, என் ஊகம் என்று எட்டுப் பத்திகள் வைத்தேன். கடைசி இரண்டையும் கலக்காதீர்கள். தாத்தா 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்தால் அசல் குறிப்பில் மெட்ராஸ்தான். 'மீனம்பாக்கமாக இருக்கலாம்' என்பது ஊகப் பத்திக்குப் போகும்.

தேதிப் பத்தியை முதலிலேயே 'உரை' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். லாக் புக்கில் 10/2/29 என்று இருப்பதை அப்படியே அடித்தால் மென்பொருள் 2029 ஆக்கிவிடும். அறுபது வரி ஏற்றிய பிறகுதான் இதைக் கவனித்தேன். வருடம் முதலில் வரும்படி 1929-02-10 என்று எழுதினால் வரிசைப்படுத்தவும் சுலபம்.

பதிவெழுத்து என்றால் விமானத்தின் உடலிலும் இறக்கையிலும் பெரிதாக எழுதியிருப்பது. 1929 முதல் இந்திய விமானங்களுக்கு 'விடி' என்று தொடங்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மங்கலான படத்திலும் இரண்டு எழுத்தாவது கிடைக்கும். அதே எழுத்து லாக் புக்கில் இருக்கிறதா என்று தேடுங்கள். எனக்கு ஒன்பது படங்களின் மாதம் இப்படித்தான் கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: பதிவெழுத்து எந்த விமானம் என்று மட்டும்தான் சொல்லும். அதே விமானம் பல வருடம் பறந்திருக்கும், அதனால் தேதிக்கு வேறு சான்றும் வேண்டும்.

தபால் உறைகளில் ஸ்டாம்பை உரிக்காதீர்கள். முன்பக்க முத்திரை புறப்பட்ட நாளையும், பின்பக்க முத்திரை வந்து சேர்ந்த நாளையும் காட்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடலாம்.

பின்சேர்க்கை: பிலிம் நெகட்டிவ் சுருண்டு, ஒட்டும் பிசுக்கோடு ஒரு நெடி அடிக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1950 வாக்கு வரை புழங்கிய பிலிமில் நைட்ரேட் வகையும் உண்டு, அது எளிதில் தீப்பிடிக்கும். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் அது பொதுவாக வேறு வகை. அதிலும் வினிகர் வாடை வந்தால் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள், மற்ற தாள்களிலிருந்து பிரித்து, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, பாதுகாப்புப் பிரிவு உள்ள ஒரு காப்பகத்திடம் பேசுங்கள். கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். விமானத்தின் இறக்கைத் துணித் துண்டு இருந்தால் அதையும் தனியாக வையுங்கள். அந்தக் காலத்தில் துணியை விறைப்பாக்கப் பூசிய டோப் என்ற பூச்சிலும் நைட்ரேட் இருந்திருக்கலாம்.

இன்னொன்று: நாப்தலின் உருண்டை போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதும், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லை மாற்றுவதும் போதும். போன வாரம் அப்படித் திறந்தபோதுதான் லாக் புக்கில், "வி.டி. பெல்லாரி போய் வந்தது, தரை ஈரம்" என்ற வரி கண்ணில் பட்டது. பதினொரு படங்களில் ஈரத் தரை தெரிவது நான்கில். பட்டியலில் அந்த நான்கின் ஊகப் பத்தியிலும் 'பெல்லாரிக்காரராக இருக்கலாம்' என்று சேர்த்திருக்கிறேன்.