கோடங்கி உடுக்கையும் ஓலைச் சாதகமும்: அழகுக்காக எடுத்து வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடங்கியிடம் போகும் பழக்கம் குறைந்துபோன, இலங்கை மலையகத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) உடுக்கை, யந்திரத் தகடு, சோழி, ஓலைச் சாதகம் என்று ஏதாவது ஒன்று எரவானத்தில் செருகிக் கிடக்கும். புது வீடு கட்டியவர்கள் இப்போது அவற்றை முன்னறையில் வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். பலனை நம்பாதவரையும் அந்த வேலைப்பாடு இழுக்கும். ஆனால் பலரும் எடுத்த கையோடு புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள்.

செப்புத் தகட்டில் உள்ள கட்டங்களும் ‘ஓம்’, ‘றீங்’ எழுத்துகளும் ஆணியால் கீறியவை. மயிரிழை ஆழம்தான் இருக்கும். தேய்க்கத் தேய்க்கத் தகடு மின்னும், கோடு மங்கும். காய்ந்த துணியால் தூசு தட்டுங்கள், போதும்.

ஓலையில் ஈரத்துணி படவே கூடாது. எழுத்தாணிக் கீறலில் பூசிய கரிதான் நாம் வாசிக்கும் எழுத்து. அது ஈரத்தோடு வந்துவிடும். அடுப்புப் புகையில் இருந்தவரை பூச்சி அண்டாத ஓலையை, நுவரெலியா ஈரச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

காலத்தைக் கணிப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. சாதகத்தில் ‘பிலவ வருடம்’ என்று இருந்தால் உடனே “நூறு வருசப் பழசு” என்று சொல்லிவிடுவார்கள். வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 1901உம் பிலவ, 1961உம் பிலவ. சாதகத்தின் ராசிக் கட்டத்தைப் பார்க்கலாம் என்றால் அங்கும் ஒரு சிக்கல்: அறுபது ஆண்டில் வியாழனும் சனியும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகு அப்படி வராது, மூன்று ராசி அளவுக்குத் தள்ளி நிற்கும். எனவே ராகு நிற்கும் ராசியை இரண்டு ஆண்டுப் பஞ்சாங்கத்தோடும் ஒப்பிட்டால் சாதகம் தாத்தாவுடையதா, அவருடைய அப்பாவுடையதா என்று தெரிந்துவிடும்.

உடுக்கைக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், தோல் விறைத்துச் சத்தம் செத்துவிடும். அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமல் அதை இடம் மாற்றவும் வேண்டாம். நமக்கு அலங்காரம், அவர்களுக்கு அது சாமி பொருள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மாடசாமிக்கு அடித்ததா முனியாண்டிக்கு அடித்ததா என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். அந்த விபரம் இல்லாத உடுக்கை வெறும் கடைச் சாமான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே தொல்பொருள் என்கிறது. நம்மவர்கள் வேலைக்கு வந்த கோப்பித் தோட்டங்களே அதற்குப் பிறகுதான் உருவாகின. ஆகவே தாத்தாவின் செப்புத் தகட்டைப் பழைய இரும்பு வியாபாரி கிலோக் கணக்கில் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் உள்ளவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை.