புது வீட்டில் குடியேறும்போது அக்கம்பக்கத்தாரிடம் நற்பெயர் பெறுவது எப்படி?

புதிதாகக் குடிவருபவர் கதவைத் தட்டித் தம் பெயரைச் சொல்வதற்கு முன்பே, அவருடைய சாமான்களை ஏற்றிவந்த லாரி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் வழியை அடைத்துக்கொண்டிருந்தது என்பதை வைத்து அக்கம்பக்கத்தார் அவரைப் பற்றிப் பாதி முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே நற்பெயருக்கான முயற்சியைக் குடியேறும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே தொடங்குவது நல்லது. லாரியை எங்கே நிறுத்தலாம், லிஃப்டில் சாமான்களை எந்த நேரத்தில் ஏற்றலாம், குப்பை எந்த நாட்களில் எடுக்கப்படுகிறது என்பவற்றை வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலிப் பெட்டிகளை மாடிப்படியில் குவித்து வைக்காமல் அன்றைக்கே மடித்து அப்புறப்படுத்துங்கள். பொதுச் சுவரிலோ லிஃப்டிலோ கீறல் விழுந்துவிட்டால், யாராவது கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் நீங்களே முதலில் தெரிவித்துவிடுங்கள்.

குடியேறிய பின் வரும் முதல் சோதனை துளையிடும் கருவி. திரைச்சீலைக் கம்பி, அலமாரி, தொலைக்காட்சி என்று நாளுக்கு ஒரு துளையாக மூன்று வாரம் போடுவதைக் காட்டிலும், எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒரே நாளில் முடிப்பது மேல். அதற்கு முந்தைய நாள் மேல், கீழ், இரு பக்க வீடுகளுக்கும் சென்று, "நாளை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை சுவரில் துளையிடும் வேலை இருக்கிறது. தூங்கும் குழந்தையோ உடல்நலமில்லாதவரோ இருந்தால் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தை மனிதர்கள் வியக்கத்தக்க அளவு பொறுத்துக்கொள்வார்கள். அறிமுகத்துக்கென்று தனியாக ஒரு காரணமும் தேட வேண்டியதில்லை, இதுவே போதும்.

அறிமுகம் சுருக்கமாக, வாசலில் நின்றபடியே முடியட்டும். சாப்பாட்டு நேரத்தையும் இரவு நேரத்தையும் தவிர்த்துவிட்டு, உங்கள் பெயர், உடன் வசிப்பவர்கள் யார், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றையும் சொன்னால் போதுமானது. உள்ளே வரச்சொல்லி அழைத்தாலும் முதல் நாளில் நன்றி கூறி, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வருவதே என் பார்வையில் நயமானது. அழைப்பு உண்மையானதாக இருந்தால் அது மீண்டும் வரும். சம்பளம், வாடகை, திருமணம், குழந்தை ஆகியவற்றைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். உங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றிய புகார்களுக்குத் தலையாட்டவும் வேண்டாம். வீட்டுக்குத் திரும்பியதும் அவர்களுடைய பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெயர் சொல்லி அழைப்பது, பெரிய பரிசு எதையும்விட நெருக்கத்தை உண்டாக்கும். விலையுயர்ந்த பரிசோ பெறுபவரைத் திருப்பிச் செய்யவேண்டிய கடனுக்கு ஆளாக்கிவிடும்.

அடிக்கடி எதிர்ப்படுவதற்கும் பெரும் பங்கு உண்டு. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த வீட்டாரிடையே நெருங்கிய நட்பு 41 சதவீதமாகவும், அதே தளத்தின் இரு கோடி வீட்டாரிடையே 10 சதவீதமாகவும் இருந்தது. மாடிப்படியின் அருகே குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். எனவே உங்கள் வீடு ஒரு கோடியில் இருந்தால், படிக்கட்டிலும் வாகன நிறுத்தத்திலும் எதிர்ப்படுபவரிடம் நின்று ஒரு வார்த்தை பேசும் பழக்கத்தை நீங்களாகவே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடியில் நற்பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலிதான், அது பரவும் விதத்தை அறிந்தால் அடக்குவது எளிது. பேச்சொலி காற்றின் வழியாக வருவதால் கதவையும் சன்னலையும் மூடினால் பெருமளவு குறைந்துவிடும். நாற்காலியை இழுப்பது, குதிகால் ஊன்றி நடப்பது, துணி துவைக்கும் இயந்திரத்தின் அதிர்வு ஆகியவை கான்கிரீட்டின் வழியாகவே கீழ்வீட்டுக் கூரைக்குச் சென்றுவிடுவதால், கதவை மூடுவதால் பயனில்லை. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி ஒட்டுகளும், இயந்திரத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் வையுங்கள். இசையில் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைச் சுவர்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகையால் ஒலிபெருக்கியைப் பொதுச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலக்கி வைத்து, பேஸ் அளவைக் குறையுங்கள். இரவில் படுக்கையறையின் ஒலி 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறக்குறைய கிசுகிசுப்பின் அளவு. கீழ்வீட்டாரிடம், "இயந்திரத்தை ஓடவிடுகிறேன், உங்களுக்குக் கேட்கிறதா என்று சொல்ல முடியுமா?" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். இப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதால் அது மறக்கப்படாது.

சிறிய உதவி கேட்கவும் தயங்க வேண்டாம். அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தம்மை எதிர்த்த ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் அரிய நூல் ஒன்றை இரவல் கேட்டுப் பெற்று, ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்புடன் திருப்பித் தந்ததாகவும், அதன்பின் இருவரும் நண்பர்களானதாகவும் எழுதியிருக்கிறார். நல்ல குழாய் பழுதுபார்ப்பவர் யார் என்று விசாரிப்பதும், ஓர் ஏணியை இரவல் வாங்குவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஏணி அன்று மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

செருப்பு அடுக்கு நடைபாதையை மறிக்கக்கூடாது, கண்காணிப்பு கேமரா எதிர்வீட்டு வாசலை நோக்கக்கூடாது. இவற்றை யாரும் நேரில் சொல்லமாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

உங்கள்மீது புகார் வந்தால், விளக்கம் சொல்வதற்கு முன் முழுவதையும் கேட்டுக்கொண்டு, இயன்றதை அன்றே சரிசெய்து, இரண்டு நாள் கழித்து இப்போது பரவாயில்லையா என்று நீங்களே சென்று கேளுங்கள். உங்களுக்கு அவர்கள்மீது குறை இருந்தால், பாதுகாப்பு தொடர்பானதைத் தவிர மற்றவற்றைச் சில வாரங்கள் ஆறப்போடுங்கள். பிறகும் சொல்லியே ஆகவேண்டுமென்றால், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும், தனியாக, நேரில் சொல்லுங்கள்.