அஜித்தும் அஜேயனும் ஒன்றா? 'வெல்ல முடியாத' பெயர்களைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி

அஜித், அஜேயன், துர்ஜயன், அபராஜிதன் ஆகிய நான்கு பெயர்களுக்கும் 'வெல்ல முடியாதவன்' என்றே பெயர்ப் பட்டியல்கள் பொருள் போடுகின்றன. வழக்கில் அது தவறில்லை. ஆனால் சொல்லைப் பிரித்தால் நான்கும் வேறு வேறு. குழந்தைக்குப் பெயர் வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது.

முதலில் வேரைப் பிடியுங்கள். நான்கிலும் இருப்பது 'வெல்' என்று பொருள்படும் வடமொழி வேரான 'ஜி'. ஜயம், விஜயம், பராஜயம் எல்லாம் அதில் கிளைத்தவை.

அடுத்து, சொல்லின் கடைசியில் தேய்ந்துபோன உயிரைத் திரும்பச் சேருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அஜித் என்பது மூலத்தில் 'அஜித'. இந்தி போன்ற மொழிகளின் உச்சரிப்பில் கடைசி அகரம் உதிர்ந்துவிட்டது. ஜித என்றால் வெல்லப்பட்ட. முன்னே 'அ' சேர்ந்தால் வெல்லப்படாத. இந்திரஜித்தில் வரும் 'ஜித்' அப்படியல்ல. அது மூலத்திலேயே மெய்யில் முடிவது, 'வென்றவன்' என்று பொருள். அஜித்தையும் அதே போலப் பிரித்தால் 'வெல்லாதவன்' என்று பொருள் தலைகீழாகிவிடும்.

மூன்றாவதாக விகுதியைப் பாருங்கள். 'த' நடந்து முடிந்ததைச் சொல்லும். 'ய' செய்ய இயல்வதை, செய்யத் தக்கதைச் சொல்லும். ஆகவே அஜிதன் இன்றுவரை தோற்காதவன். அஜேயன் வெல்லவே இயலாதவன். அயோத்தியா என்ற ஊர்ப்பெயரும் இந்த 'ய' வகைதான்: அ + யுத் + ய, எதிர்த்துப் போரிட முடியாதது.

முன்னொட்டையும் விடாதீர்கள். துர்ஜயனில் உள்ள 'துர்' கெட்டது என்று பொருள்படாது. 'அரிது' என்பதே இங்கே பொருள். நெருங்க அரிய கோட்டையைத் துர்க்கம் என்பதும் இதனால்தான். எனவே துர்ஜயன் வெல்வதற்கு அரியவன். முடியவே முடியாது என்று அந்தச் சொல் சொல்லவில்லை.

அபராஜிதனைப் பிரிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். அபர + அஜித என்று பிரித்தாலும் புணர்ச்சி விதி இடம்கொடுக்கும், பொருள்தான் பொருந்தாது. சரியான பிரிப்பு அ + பராஜித. பராஜித என்றால் தோற்கடிக்கப்பட்ட. பராஜயம் தனிச்சொல்லாகத் தோல்வியைக் குறிப்பதே இதற்குச் சான்று. திருப்புறம்பியம் போரில் வென்ற பக்கத்தில் நின்ற பல்லவ மன்னனின் பெயர் இதுதான். பின்னாளில் அவனை வென்றவன் முதலாம் ஆதித்த சோழன்.

தமிழிலேயே வேண்டுமென்றால் 'தோலா' என்ற அருமையான சொல் இருக்கிறது. சூளாமணி பாடியவர் தோலாமொழித்தேவர். உடனே உடம்புத் தோலை நினைத்துவிடக் கூடாது. இது தோல்வியில் உள்ள 'தோல்' என்னும் வினை. அதனுடன் எதிர்மறை 'ஆ' சேர்ந்தது. தோலாத என்பதன் ஈறு கெட்டுத் தோலா ஆயிற்று. தமிழ் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. அதனால் தோற்காத, தோற்றிராத, இனியும் தோற்கமாட்டாத என மூன்றையும் இந்த ஒரே சொல் தாங்கும். அஜிதனும் அஜேயனும் பங்கிட்டுக்கொண்ட பொருளுக்கு இது ஒன்றே போதும்.