கப்பலிலிருந்து இறங்கி ரயில் பிடிக்கிறவர்கள் கொழும்பில் செய்யும் தவறுகள்

கோட்டை ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் இவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பெட்டியின் கைப்பிடியில் கப்பலில் கட்டிவிட்ட காகித அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். பச்சையோ ஆரஞ்சோ, நடுவில் பெரிதாக ஒரு எண். பெட்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு, பாதி மூச்சில் மேடை இலக்கம் கேட்டபடி ஓடுவார்கள். அதற்குள் கீழே ரயில் அசைய ஆரம்பித்திருக்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். துறைமுகம் கூப்பிடு தூரம். உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களை அழைத்துப்போய் ரயிலேற்றிவிடுவதும், அவர்களுக்கு முன்கூட்டியே ஆசனம் பதிந்து கொடுப்பதும் என் வேலை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கப்பல்கள் அதிகம். இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் ரயிலை விட்டதைக் கண்ணால் பார்த்தேன். பெற்றோருக்காக வெளிநாட்டிலிருந்து திட்டம் போட்டுக் கொடுத்த பிள்ளைகள், தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமார் என்று எல்லோரும் ஆரம்பத்தில் நான் விட்ட அதே பிழையைத்தான் விடுகிறார்கள். கடவுச்சீட்டை மறக்காதீர்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கப்பல் வரும் நேரத்தை நம்பி ஆசனம் பதிவது

பல வருடங்களுக்கு முன்பு, மும்பையில் ஏறிக் கொச்சி வழியாகக் கொழும்புக்கு வந்த ஒரு கப்பலில் ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. பிறந்தது ஹட்டனுக்கு அருகே டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். சின்ன வயதில் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அதற்குப் பிறகு அவர் இந்த மண்ணை மிதிக்கவில்லை. எந்தப் பாதையால் போனாரோ அதே பாதையால், ஜன்னலோரம் உட்கார்ந்து ஹட்டனுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மகன் எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அது இருந்தது.

கப்பலின் அட்டவணையில் கொழும்பு வருகை காலை 6.00 என்று போட்டிருந்தது. ஹட்டன் வழியாகப் பதுளைக்குப் போகும் ரயில் அப்போது எட்டரைக்குப் புறப்பட்டது. இரண்டரை மணி நேரம் இருக்கிறது, துறைமுக வாயிலிலிருந்து நிலையத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்கூட இராது, தாராளம் என்று நினைத்தேன். ஆசனப்பதிவு திறந்த அன்றே இரண்டு ஜன்னலோர இடங்களை எடுத்து வைத்தேன்.

ஆறு மணி என்பது என்ன என்று எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. அது கப்பல் வந்து சேரும் நேரம், நாம் தெருவில் கால் வைக்கும் நேரம் அல்ல. துறைமுகத்துக்கு வெளியே, கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும், வடம் கட்ட வேண்டும். அன்று வடம் கட்டி முடித்தபோதே ஏழுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அதற்கப்புறம் குடிவரவு அதிகாரிகளும் சுகாதார அதிகாரிகளும் கப்பலில் ஏறிக் காகிதங்களைப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். அதுவரை யாரும் இறங்க முடியாது. அனுமதி வந்ததும் முதலில் இறக்கிவிட்டது கப்பல் நிறுவனத்திடமே சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை. அவர்களுக்காக பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பயணத்தை முடித்துக்கொண்டு மொத்தமாக இறங்குகிறவர்களின் முறை அதற்குப் பிறகுதான். அவர்களையும் அட்டையின் நிறப்படி, எண்ணின்படி கூப்பிடுவார்கள்.

பெட்டி விஷயம் தனி. முதல் நாள் இரவே அறை வாசலில் பெட்டியை வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் அது கரையில் இருக்கும் என்பார்கள். இருக்கும்தான். ஆனால் எல்லோருடைய பெட்டியும் ஒரே கூடத்தில் இருக்கும். பாதிப் பெட்டிகள் கறுப்பு நிறம். இதற்கிடையில், ஏறும்போது கப்பலில் வாங்கி வைத்துக்கொண்ட கடவுச்சீட்டை வேறு வரிசையில் நின்று திருப்பி வாங்க வேண்டியிருந்தது. துறைமுகத்துக்குள்ளே காலாற நடந்து வெளியே வர விடமாட்டார்கள். அவர்களுடைய பஸ் நிரம்பும்வரை காத்திருந்து வாயிலுக்கு வர வேண்டும். அனுமதி இல்லாத ஆட்டோ உள்ளே போகவும் முடியாது.

நான் ஆறரையிலிருந்து வாயிலில் நின்றேன். மகன் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வடம் கட்டியாயிற்று. இன்னும் கூப்பிடவில்லை. அடுத்தது எங்கள் எண்தான். பெட்டி ஒன்றைக் காணவில்லை. கிடைத்துவிட்டது. அவர்கள் வாயிலுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது ஐந்து.

அம்மா டிக்கெட்டைக் கைக்குட்டையில் மடித்து, சேலைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஆட்டோவில் ஏறும் முன் என்னைப் பார்த்து, "தம்பி, கோச்சி போயிருச்சா?" என்று கேட்டார். கோச்சி என்றால் மலையகப் பேச்சில் ரயில். அந்நேரம் அது ராகமையைத் தாண்டியிருக்கும்.

அடுத்து ஒன்பதே முக்காலுக்கு ஒரு ரயில் இருந்தது. அதில் பதிவு ஆசனங்கள் முடிந்து பல நாள். கையிலிருந்த டிக்கெட் அந்த எட்டரை ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். புதிதாக இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, நெரிசலில் ஏற்றிவிட்டு நானும் கூடவே ஏறினேன். கம்பஹா வரை அம்மா கதவோரத்தில் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்தார். அப்புறம் ஒரு சிங்களப் பெண் தன் பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டு இடம் கொடுத்தார். நடு ஆசனம். கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் காட்சி பார்க்க எல்லோரும் எழுந்து ஜன்னலோரம் நின்றார்கள். அம்மாவுக்கு அவர்களின் முதுகுதான் தெரிந்தது. ஹட்டனில் இறங்கியபோது நல்ல மழை. மறுநாள் மாலை அவர்களுக்குக் கட்டுநாயக்கவில் விமானம். தோட்டத்தில் பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அரை மணி நேரம் நிற்க முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. அதனால்தான், ஆறு மணிக் கப்பலுக்கு எட்டரை ரயிலைப் போட்டுக்கொண்டு யாராவது வரும்போது எரிச்சல் வருகிறது. "அண்ணா, போன கப்பலில் ஏழரைக்கே வெளியே வந்துவிட்டார்களே" என்று தம்பிமார் சொல்வார்கள். வந்திருக்கலாம். மழை இல்லை, இறங்கு துறை காலி, அதிகாரிகள் நேரத்துக்கு வந்தார்கள், பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் இறங்கினார்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் கணக்குப் போய்விடும். எந்த நாளில் எது பிசகும் என்று ஒரு மாதம் முன்னதாக யாரால் சொல்ல முடியும்?

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். அட்டவணையில் ஆறு மணி என்றால், பதினொன்றுக்கு முந்தைய எந்த ரயிலுக்கும் ஆசனம் பதிவதில்லை. தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் என்றால் பதிவே வேண்டாம். வந்து சேர்ந்த பிறகு அடுத்த ரயிலில் போகலாம். மலையகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதே நாளில் பகல் ரயிலே போடுவதில்லை. ஒரு இரவு கொழும்பில் தங்கச் சொல்கிறேன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கி, நல்ல சோறு சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் விடிய நிலையத்துக்குப் போனால் அந்த ஜன்னலோர ஆசனம் உங்களுடையது. தங்க முடியாது என்பவர்களுக்கு இரவு ரயிலைப் பார்க்கிறேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ரயிலுக்கு ஆசனம் பதிந்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மலையகப் பாதையில் பதிவு ஆசனங்கள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன. நீங்கள் சும்மா விடும் ஆசனம் இன்னொருவரின் அம்மாவுக்கு உரியது.

கப்பலின் கடிகாரம்

கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. அது கரையின் நேரமாக இருக்க வேண்டும் என்று இல்லை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம் என்பதால் கொச்சியிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. மாலைதீவு நம்மைவிட அரை மணி பின்னால். பூக்கெட் ஒன்றரை மணி முன்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நடுக்கடலில் இரவு அறிவித்துக் கடிகாரத்தை மாற்றச் சொல்வார்கள். தூக்கத்தில் அதைக் கேட்காதவர்கள் பலர். கைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று நம்புவதும் சரிவராது. கப்பலின் இணைப்பில் இருக்கும்வரை அது எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று உறுதியில்லை. மாலேயிலிருந்து வந்த ஒருவர் ஏழரை என்று நினைத்து ஆறுதலாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரையில் எட்டு மணி. இறங்கும் நாளுக்கு முதல் இரவே கைக்கடிகாரத்தில் கொழும்பு நேரத்தை வைத்துவிடுங்கள்.

சொல்லாமல் பாதி வழியில் இறங்க நினைப்பது

பெரும்பாலான கப்பல்களுக்குக் கொழும்பு இடைத்தங்கல்தான். காலையில் வந்து மாலையில் போய்விடும். இங்கே மொத்தமாக இறங்கப் போகிறவர்கள் பல வாரங்களுக்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பகலில் ஊர் பார்க்க இறங்குவது போலப் பெட்டியோடு இறங்கிவிடலாம் என்று நினைத்து வந்த ஒரு தம்பதி, பயணிகள் பட்டியலைத் திருத்தும்வரை பிற்பகல் இரண்டு மணி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நாட்டில் தங்குவதற்கான இலத்திரனியல் பயண அனுமதியையும் புறப்படும் முன்பே எடுத்து, அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

வாயிலில் கேட்கும் செய்தியை அப்படியே நம்புவது

"இன்றைக்கு ரயில் இல்லை, வேலைநிறுத்தம். வேனில் கொண்டுபோய் விடுகிறேன்." துறைமுக வாயிலில் இதைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். கஷ்டம் என்னவென்றால், நம் ஊரில் ரயில் வேலைநிறுத்தம் சொல்லாமல் கொள்ளாமல் வருவதும் உண்மை. ஆகவே அவரை நம்பவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். நிலையத்துக்குப் போய் விசாரணைக் கருமபீடத்தில் கேளுங்கள். பெயர்தான் கோட்டை, நிலையம் இருப்பது புறக்கோட்டை ஓரத்தில். வாசலில் கேணல் ஒல்கொட்டின் சிலை நிற்கும். அதைச் சொன்னால் எந்த ஆட்டோக்காரருக்கும் புரியும். ஏறும் முன் மீற்றர் போடச் சொல்லுங்கள், ரூபா கையில் வைத்திருங்கள், டொலரில் பேச ஆரம்பித்தால் அடுத்த ஆட்டோவைப் பாருங்கள்.

மலைப் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்காமல் இருப்பது

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் சரிந்துபோனது. பெரும் புயல் இல்லாத வருடத்திலும் மழைக்காலத்தில் மண்சரிவு வந்து ரயில் பாதியிலேயே நின்றுவிடும். பழைய கால அட்டவணையை இணையத்தில் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். எதுவரை ரயில் ஓடுகிறது, அதற்குமேல் பஸ் உண்டா என்று பதியும்போது ஒருமுறையும், கப்பல் கரைக்கு வரும் முதல் நாள் ஒருமுறையும் கேளுங்கள். நான் இரண்டாவது முறை கேட்காமல் விட்டதே இல்லை.

கண்டிக்குள் போகாத ரயில்

பதுளைக்குப் போகும் எல்லா ரயிலும் கண்டி நிலையத்துக்குள் போவதில்லை. சில பேராதனைச் சந்தியிலேயே மலைப் பக்கம் திரும்பிவிடும். கண்டியில் இறங்க வேண்டியவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொயா

நாட்காட்டியைப் பாருங்கள். பொயா என்னும் பௌர்ணமி விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அந்த வாரக் கடைசியில் ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது.

காலிக்குப் போகும் ரயிலுக்குக் கோட்டையில் காத்து நிற்பது

தெற்கே போகும் கரையோர ரயில்களில் பல மருதானையிலிருந்துதான் கிளம்புகின்றன. கோட்டைக்கு வரும்போதே ஆசனங்கள் நிறைந்திருக்கும். துறைமுகத்திலிருந்து வருகிறவர்களை நான் கோட்டையில் இறக்குவதில்லை, நேரே மருதானைக்குக் கொண்டுபோகிறேன். ஆட்டோவுக்குச் சில நிமிடங்கள்தான் கூடும், பெட்டியோடு ஆறுதலாக ஏறி உட்காரலாம். வலது பக்கத்தில் உட்காருங்கள். கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே கடல் பக்கத்தில் வந்துவிடும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் வெறும் கல் அணைதான்.

அன்றே கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர்கள்

ரயிலில் கண்டிக்குப் போகாதீர்கள்.