பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை விடாதீர்கள்

கொழும்பில் பல முறைப்பாடுகள் பொலிஸ் நிலைய மேசையிலேயே பலமிழந்து விடுகின்றன. புத்தகத்தில் என்ன பதிவாகிறதோ, அதுதான் பிறகு உங்கள் வழக்கு.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, விளங்காத சிங்களப் பதிவின் கீழ் கையெழுத்து வைப்பது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கலாம். நீங்கள் போகும் நாளில் அவர் லீவிலும் இருக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாயால் சொன்ன முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். உத்தியோகத்தருக்கு அது முடியாவிட்டால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களாலும் எழுத இயலாது என்றால்தான், காரணத்தைக் குறித்துவிட்டு அவர் மற்ற மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும். "சைன் வையுங்க, நாங்க பார்க்கிறம்" என்பது சொல்லிக்காட்டுவது ஆகாது. ஆகவே திகதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் கண்டார் என்பவற்றை வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

100ஆம் இலக்க பஸ்ஸில் கைப்பையை வெட்டி போனை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் "போன் காணாமப் போச்சு" என்று சொன்னால், தொலைந்த பொருள் என்றே பதிவாகிவிடலாம். புது சிம் எடுக்க அது உதவும், கள்வனைத் தேட உதவாது. வெட்டுப்பட்ட பையைக் காட்டுங்கள். போன் பெட்டியில் இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் கொடுங்கள். போகாத சங்கிலியைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம்.

காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் பொலிஸ் காவலரண் உண்டு, அங்கேயே வாக்குமூலம் கொடுக்கலாம். கணவனோ மைத்துனனோ அடித்திருந்தால், வெட்கத்தில் டொக்டரிடம் "படியில விழுந்திட்டன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு பொலிஸில் உண்மையைச் சொன்னாலும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பைத்தான். யார், எதனால், எங்கே அடித்தார் என்பதை டொக்டரிடமே சொல்லுங்கள்.

முறைப்பாட்டு இலக்கமும் எழுதிய உத்தியோகத்தரின் பெயரும் இல்லாமல் வெளியே வராதீர்கள். பிறகு பிரதி எடுக்கப் போகும்போது இவை தேவைப்படும்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மேசையில் இருப்பவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள், அதற்கும் மேல் உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டே செய்யுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் (தொலைபேசி 1996) முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. தெரிந்த பெரிய ஆளைப் பிடித்துச் சரிசெய்யலாம் என்று அலைபவர்கள் பலர் இந்த ஒரு மாதத்தைத்தான் கைவிட்டுவிடுகிறார்கள்.