ஊர் சிம்மை நம்பி ஈமெயில் வைக்காதீர்கள்
கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் துபாய், கத்தார் என்று போய் வருகிறவர்கள். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டு, அப்புறம் ஈமெயில் ஓடிபி கேட்கும்போது முழிப்பார்கள். என் மச்சானுக்கு விசா பேப்பரே அதில்தான் மாட்டிக்கொண்டது.

ஜிமெயிலே போதும் என்பேன். ஆனால் இலவச 15 ஜிபி என்பது போட்டோ, டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான், கல்யாண வீடியோவை ஏற்றி நிரப்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். 2 ஆண்டு திறக்காமல் போட்டால் கணக்கையே கூகுள் நீக்கிவிடலாம். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போட்டால், ஓடிபி வராதபோது அதற்குப் பதிலாகப் போட 10 பேக்கப் கோடு கிடைக்கும், அதைத் தாளில் எழுதி பாஸ்போர்ட் கவருக்குள் வையுங்கள்.

வேலைக்குத் தனி ஐடி, சொந்தப் பெயரில். 'மண்டபம் சிங்கம் 007' எல்லாம் பயோடேட்டாவில் வேண்டாம். கம்பெனி கொடுத்த ஐடியில் பேங்கை இணைக்காதீர்கள், வேலை போனால் அதுவும் போய்விடும்.